பூட்டு உடையவில்லை, கருவிகள் போய்விட்டன: கொட்டகையைக் காப்பது எப்படி?

கேள்வி: ஐயா, நான் மரவேலை செய்கிறேன். வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட கொட்டகையில்தான் கருவிகளை வைக்கிறேன். சென்ற மாதம் ஒரு ராத்திரி கதவைப் பெயர்த்து வட்ட ரம்பம், இரண்டு டிரில்லிங் மெஷின், இரும்பு அறுக்கும் கிரைண்டர், மரத்தில் பள்ளம் எடுக்கும் ரூட்டர் எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார்கள். வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத பெரிய பூட்டு. அதற்கு ஒன்றும் ஆகவில்லை, நாதாங்கியோடு சேர்ந்து தரையில் கிடந்தது. உளி, இழைப்புளி எதையும் தொடவில்லை. உள்ளே வந்து போகிறவர் வேலைதான் என்கிறார்கள். இனி எந்தப் பூட்டு வாங்குவது? கேமரா வைத்தால் போதுமா? கடன் வாங்கித்தான் மறுபடி மெஷின் வாங்கப் போகிறேன். இன்னொரு முறை போனால் தாங்க முடியாது.

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

கருவி போனால் வருமானம் நிற்கிறது, ஒப்புக்கொண்ட வேலையும் நிற்கிறது. அந்தப் பதற்றத்தில் முதலில் இன்னும் பெரிய பூட்டு வாங்கத்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது தன் வேலையைச் செய்திருக்கிறது. கைவிட்டது, நாதாங்கியைக் கதவில் பிடித்திருந்த நாலு திருகாணி.

போலீஸ்காரர்கள் பார்த்து முடித்துவிட்டார்கள் என்றால் அந்த நாதாங்கியைக் கையில் எடுத்துப் பாருங்கள். திருகாணிகள் முக்கால் அங்குலமோ ஒரு அங்குலமோ இருக்கும். மரைகளுக்கு நடுவே மரத்தூள் அடைத்துக்கொண்டிருக்கும். திருகாணி முறிந்திருக்காது, மரத்தைப் பிய்த்துக்கொண்டு நேராக வெளியே வந்திருக்கும். கணக்கு இதுதான்: 60 செ.மீ. நீளக் கடப்பாரையின் நுனியைப் பட்டைக்கு அடியில் 3 செ.மீ. நுழைத்து நெம்பினால் விசை ஏறக்குறைய 20 மடங்காகிறது. 30 கிலோ அழுத்தம் கொடுத்தாலே பட்டையின் மேல் 600 கிலோ இழுவை. சிறு திருகாணி நாலும் சேர்ந்தாலும் அதற்குத் தாக்குப்பிடிக்காது. மரம் ஒருமுறை கிறீச்சிடும், அவ்வளவுதான் சத்தம். அந்த இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த பூட்டு தொங்கினாலும் இதே கதிதான்.

ஆகவே முதலில் கதவு. நீங்கள் மரவேலைக்காரர் என்பதால் இதை ஒரு பகலில் நீங்களே முடித்துவிடலாம். 4 மி.மீ. கனத்துக்குக் குறையாத இரும்புப் பட்டையால் செய்த நாதாங்கி வாங்குங்கள். மடித்துப் பூட்டியபின் பொருத்திய துளைகள் எல்லாம் பட்டைக்கு அடியில் மறைந்துவிட வேண்டும். ஒரு திருகாணித் தலைகூட வெளியே தெரியக் கூடாது. அதைத் திருகாணியால் மாட்டாதீர்கள். தலை குமிழாகவும் கழுத்து சதுரமாகவும் இருக்கும் 8 அல்லது 10 மி.மீ. போல்ட் போட்டுக் கதவுக்கு ஊடாக மறுபக்கம் கொண்டுவாருங்கள். குமிழ்த் தலையைப் பிடித்துத் திருக ஸ்பேனருக்கு இடமில்லை. சதுரக் கழுத்து மரத்தில் பதிந்துவிடுவதால் போல்ட்டும் சுற்றாது. நாதாங்கியில் வட்டத் துளை இருந்தால் கழுத்து இறங்கும்படி அரத்தால் சதுரமாக்கிக்கொள்ளுங்கள்.

உள்பக்கம் வெறும் வாஷர் போட்டு நட்டை முடுக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. நெம்பும்போது வாஷர் மரத்துக்குள் அமிழ்ந்து, துளை வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். அதற்குப் பதிலாக 150 மி.மீ. நீளம், 75 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகட்டை உள்ளே வையுங்கள். போல்ட் எல்லாமே அந்த ஒரே தகட்டில் வந்து நிற்கட்டும். இழுவை அப்போது தகட்டின் பரப்பு முழுவதும் பரவும். கதவுப் பலகையே உடைந்தால்தான் நாதாங்கி வரும். நட்டை முடுக்கியபின் வெளியே நீளும் போல்ட் முனையைச் சுத்தியலால் அடித்துப் பரத்திவிடுங்கள். கதவு ஃபிளஷ் கதவாக (சட்டத்தின் இரு பக்கமும் ஒட்டுப்பலகை ஒட்டிய கதவாக) இருந்தால் நடுப்பகுதி வலுவில்லாதது. ஓரச் சட்டம் கெட்டியாக உள்ள இடத்தில் மட்டும் துளை போடுங்கள்.

நிலைப்பக்கம் உள்ள கொண்டிக்கும் இதே முறைதான். ஆனால் அதற்கு முன் நிலையையே சோதியுங்கள். பூட்டிய கதவைத் தோளால் இரண்டு முறை இடியுங்கள். நிலைக்கும் சுவருக்கும் நடுவே பூச்சு விரிந்து தூள் உதிர்ந்தால், நிலை சுவரில் சரியாகப் பிடிக்கவில்லை. நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டையான ஹோல்டுஃபாஸ்ட் பக்கத்துக்கு மூன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சுவரைக் கொத்தி, கம்பி வைத்துக் கான்கிரீட் அடைக்காமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

கொட்டகைக் கதவு பெரும்பாலும் வெளிப்பக்கம்தான் திறக்கும். அப்படியானால் கீல்களின் ஆணியும் வெளியேதான் இருக்கும். ஒரு பன்ச்சை வைத்து நாலு தட்டுத் தட்டினால் ஆணி மேலே ஏறிவிடும்; பூட்டைத் தொடாமலே கதவைக் கீல் பக்கமாகத் திறந்துவிடலாம். கீல்பக்க விளிம்பில் மேல் கீலுக்குக் கீழே ஒன்று, அடிக் கீலுக்கு மேலே ஒன்று என 10 மி.மீ. இரும்புத் துண்டு இரண்டைப் பதியுங்கள். 12 மி.மீ. வெளியே நீளட்டும். நிலையில் அதற்கு நேராக 12 மி.மீ. விட்டத்தில் 15 மி.மீ. ஆழத் துளை. கதவு மூடும்போது துண்டு துளைக்குள் போய் உட்காரும்; அதன்பின் ஆணியை உருவினாலும் கதவு அசையாது. துளையைக் கதவின் சுழற்சிக்கு ஏற்ப ஒரு பக்கம் கொஞ்சம் அகட்டாவிட்டால் கதவு உரசி நிற்கும்.

இப்போது பூட்டுக்கு வரலாம். பூட்டின் வளைகம்பியைக் கவனியுங்கள். இரண்டு கால்களிலும் வெட்டு இருக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் வெட்டு இருந்தால், உள்ளே ஒரே பக்கம்தான் பிடிமானம். சுத்தியலால் ஓங்கி ஓர் அடி அடித்தால் திறந்துகொள்ளும். அழுத்தினாலே சட்டென்று பூட்டிக்கொள்ளும் மலிவான பூட்டுகளில், மெல்லிய தகட்டுத் துண்டை வளைகம்பியோடு ஒட்டிச் செருகி உள்ளே உள்ள ஸ்பிரிங்கைத் தள்ளிவிட முடியும். இரண்டு பக்கமும் இரும்புக் குண்டு வந்து பிடிக்கும் அமைப்பில் இது நடக்காது. வளைகம்பி கடினப்படுத்தப்பட்டதா என்று அறிய ஒரு புது அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள்: வழுக்கினால் நல்லது, கடித்தால் வேண்டாம். 10 மி.மீ. வரையுள்ள கம்பியை நீளக் கைப்பிடி கொண்ட போல்ட் கட்டர் வெட்டிவிடும். 13, 14 மி.மீ. போனால் கைக் கருவிக்கு அது சிரமம். கம்பியின் பெரும்பகுதியை உடலே மூடியிருக்கும் பூட்டு இன்னும் நல்லது, கட்டரின் வாய் நுழைய இடமே இருக்காது. ஆனால் அது உங்கள் கொண்டிக்குள் நுழைகிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். கம்பிக்கும் கொண்டித் துளைக்கும் நடுவே இடைவெளி குறைவாக இருப்பதே நல்லது. கடப்பாரை நுனி போகிற அளவுக்கு இடம் இருந்தால் அதுவே நெம்புகோலுக்கு ஊன்றுமிடம். பூட்டுகளுக்கு ஈ.என் 12320 என்ற ஐரோப்பியத் தரம் உண்டு. 1 முதல் 6 வரை தரநிலை, எண் கூடக் கூட வலிமை கூடும். பெட்டியில் 4 அல்லது அதற்கு மேல் போட்டிருந்தால் கொட்டகைக்குப் போதும்.

இரண்டு பூட்டு போடுவதாக இருந்தால் அருகருகே போடாதீர்கள். கதவின் உயரத்தை மூன்றாகப் பிரித்து, மேல் மூன்றில் ஒன்று, கீழ் மூன்றில் ஒன்று. நடுவில் ஒரே பூட்டு இருந்தால் கதவின் அடி மூலையை நெம்பி வளைத்து ஆள் நுழைய வழி செய்வார்கள். பூட்டுத் துவாரத்துக்கு எண்ணெயோ கிரீஸோ விடாதீர்கள். உங்கள் கொட்டகையில் பறக்கிற மரத்தூள் அதில் அப்பிக்கொண்டு ஒரு நாள் சாவி உள்ளேயே முறியும். கிராஃபைட் பொடி போதும்.

எந்தப் பூட்டானாலும் மின் கிரைண்டருக்கு முன் சில நிமிடம்தான் நிற்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தச் சில நிமிடத்தில் எழும் சத்தமும் தீப்பொறியும்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. பொதுவாகத் திருட வருகிறவர் பெரிய கருவிகளைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. உங்கள் இடத்தில் கிடப்பதை எடுத்துத்தான் கதவை உடைப்பார். வெளியே சாத்திவைத்த ஏணி, மூலையில் கிடக்கும் கடப்பாரை, சுவரோரம் போட்ட இரும்புக் குழாய், பேட்டரி மாட்டிய கிரைண்டர் எல்லாம் அவருக்கு நீங்கள் கொடுத்த ஒத்தாசை. இவை முதலில் பூட்டுக்குள் போக வேண்டும்.

தகரக் கூரை என்று எழுதியிருக்கிறீர்கள். கதவை நாம் இறுக்கியபின் அடுத்து அவர் பார்க்கப்போவது கூரையைத்தான். ஷீட்டைப் பிடித்திருக்கும் திருகாணிகளின் ஆறுமுகத் தலை வெளியே இருக்கிறது. ஒரு சிறு ஸ்பேனரால் பத்துத் தலையைக் கழற்றினால் ஷீட்டின் ஓரத்தைத் தூக்கிவிடலாம். வெளிச்சத்துக்காக நடுவில் போட்ட பிளாஸ்டிக் ஷீட்டை வெட்ட கத்தியே போதும். கூரைக்கு மேலே நீங்கள் எதைச் செய்தாலும் அவர் கைக்கு எட்டும். ஆகவே தடுப்பு உள்ளே இருக்கட்டும். கூரையைத் தாங்கும் சட்டங்களின் அடிப்பக்கம் 50 மி.மீ. கட்டம், 3 மி.மீ. கம்பி கொண்ட வெல்ட் மெஷ் (வெல்டு வைத்த கம்பி வலை) அடியுங்கள். இரும்புச் சட்டமென்றால் ஓரங்களை வெல்டு வைத்துவிடலாம். மரமென்றால் U வடிவ ஆணியை மட்டும் நம்பாமல் மெஷ் மேல் பட்டை வைத்துத் திருகுங்கள். கூரையிலிருந்து ஏறி மிதிக்கும்போது ஆணி ஒவ்வொன்றாகத் தெறிக்கும். பிளாஸ்டிக் ஷீட்டுக்கும் புகை விசிறித் துவாரத்துக்கும் 12 மி.மீ. கம்பியால் 100 மி.மீ. இடைவெளியில் தனிக் கிராதி. விசிறித் துவாரம் சிறிதுதானே என்று விடாதீர்கள். 30 செ.மீ. இருந்தால் மெலிந்த ஆள் நுழைந்துவிடுவார்.

இதெல்லாம் முதல் வளையம். உள்ளே வந்துவிட்டால் அவர் கைக்குப் பத்து மெஷினும் ஒரே நேரத்தில் கிடைக்கக் கூடாது. அதற்கு ஓர் இரும்புப் பெட்டி. 2 மி.மீ. தகட்டுக்குக் குறைந்தால் மூடியின் மூலையைக் கடப்பாரையால் எளிதாக நெம்பிச் சுருட்டிவிடலாம். மூடி பெட்டியின் விளிம்பைத் தாண்டிக் கீழே மடிந்து இறங்கட்டும், கீல் உள்பக்கம் இருக்கட்டும், பூட்டு குழிவான இடத்தில் மறைந்திருக்கட்டும். பெட்டியைத் தரையோடு பிடிக்க உள்ளேயிருந்து, கான்கிரீட் துளைக்குள் விரிந்து பிடிக்கும் 12 மி.மீ. ஆங்கர் போல்ட் நாலு போடுங்கள். துளை போட்டதும் உள்ளே இருக்கும் சிமென்ட் தூளை ஊதி எடுக்காமல் போல்ட்டை இறக்கினால் அது தூளில்தான் பிடிக்கும். முடுக்கும்போது இறுகியதுபோல் தோன்றி, நெம்பினால் கேரட் மாதிரி வந்துவிடும். தரை வெறும் மண்மேல் போட்ட மெல்லிய பூச்சாக இருந்தாலும் அதே கதை. அப்படியானால் பெட்டி வைக்கும் இடத்தில் 15 செ.மீ. கனத்துக்குக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டு, அது நன்றாக இறுகியபின் துளையிடுங்கள்.

தின்னர், பசை, பெட்ரோல், கேஸ் சிலிண்டர் எதையும் இந்தப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். மூடிய பெட்டியில் ஆவி தேங்கினால் ஒரு சிறு பொறி போதும். சிலிண்டர் காற்றோட்டமான இடத்தில் நிமிர்ந்தே நிற்க வேண்டும். பேட்டரிகளையும் சார்ஜரையும் ராத்திரி வீட்டுக்குள் எடுத்துப் போவது நல்ல பழக்கம். பேட்டரி இல்லாத மெஷினுக்கு விற்பனையில் மதிப்பு குறைவு, கொட்டகையில் ஆளில்லாமல் சார்ஜ் ஏறும் ஆபத்தும் இல்லை.

பெட்டிக்குள் அடங்காத கம்ப்ரஸர், மேசை ரம்பம் போன்றவற்றுக்குச் சங்கிலி. கைப்பிடியிலும் சக்கரத்திலும் கோக்காதீர்கள், அவை நாலு நட்டில் கழன்றுவிடும். மெஷினின் சட்டத்துக்கு ஊடாக விடுங்கள். சங்கிலி தரையில் புரளக் கூடாது: போல்ட் கட்டரின் ஒரு கையைத் தரையில் ஊன்றி மறு கையின்மேல் உடல் எடையைப் போட்டால் வெட்டுவது சுலபமாகிவிடும். இறுக்கமாக, தரைக்கு மேலே நிற்கட்டும். சாதாரணச் சங்கிலியும் முறுக்குக் கம்பி வடமும் சில நொடிதான் தாங்கும்.

திருட்டுப் போனதைத் திரும்பப் பெறுவதில் பலர் தோற்பது ஒரே இடத்தில்தான்: கிடைத்த மெஷின் தன்னுடையதுதான் என்று காட்ட முடியாது. ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே மாடல். மீட்ட பொருள் சொந்தக்காரர் தெரியாமல் காவல் நிலையத்திலேயே கிடக்கும். ஆகவே புது மெஷின் வாங்கிய அன்றே இரண்டு இடத்தில் பொறியுங்கள். ஒன்று வாங்க வருகிறவர் கண்ணில் உடனே படும் இடம். உங்கள் பெயரும் மாற்றப்போகாத கைபேசி எண்ணும். இன்னொன்று மறைவான இடம்: பேட்டரி செருகும் குழியின் உள்சுவர், வட்ட ரம்பத்தின் அடித்தகட்டின் உள்பக்கம் போல. பொறிக்க, முனை அதிர்ந்து கீறி எழுதும் மின்சார எழுதுகோல் போதும். பிளாஸ்டிக் உடம்பில் ஆழமாகப் போகாதீர்கள். அந்த உடம்புதான் உங்களுக்கும் மின்சாரத்துக்கும் நடுவே உள்ள காப்பு. காற்றுத் துவாரங்களுக்கு அருகில் செதுக்கினால் துருவல் மோட்டாருக்குள் போகும். தொடர் எண் உள்ள தகட்டின்மேல் எதுவும் எழுதாதீர்கள். வார்ப்பிரும்பு இழைப்புளியில் எழுத்துப் பன்ச்சை அடித்தால் விரிசல் விடலாம், அதற்கும் எழுதுகோல்தான். தூக்கும் கொக்கி, ரம்பத் தகடு இவற்றில் எதையும் பொறிக்கக் கூடாது, அந்தக் கீறலிலிருந்தே முறிவு தொடங்கும்.

ஒவ்வொரு மெஷினுக்கும் மூன்று படம் எடுங்கள்: முழு உருவம், தொடர் எண் தகடு, நீங்கள் பொறித்த அடையாளம். ரசீதையும் சேர்த்து நாலாவது. படம் எடுத்த கைபேசியும் தொலையலாம். மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவிடுங்கள். போன மெஷின்களின் ரசீதோ அட்டைப்பெட்டியோ இப்போதும் வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் தொடர் எண் இருக்கும். கிடைத்தால் அதைப் புகாரோடு சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

உள்ளே வந்து போகிறவர் வேலை என்று சொல்கிறார்களே, அதை அவசரப்பட்டு நம்பாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உளியை விட்டு மெஷினை எடுத்தது உளவு தெரிந்த ஆள் என்பதற்குச் சாட்சி இல்லை. மெஷின் சீக்கிரம் விலைபோகும், தூக்கவும் எளிது. யாராக இருந்தாலும் அதைத்தான் எடுப்பார். ஆதாரமில்லாமல் ஒருவர்மேல் சந்தேகத்தைச் சொன்னால் அந்த வடு ஆறாது. அதற்குப் பதில் ஏற்பாட்டை மாற்றுங்கள். எத்தனை சாவி, யார் யாரிடம் என்று எழுதிவையுங்கள். பூட்டின்மேல் சாவி எண் பொறித்திருந்தால் குறித்துக்கொண்டு அழித்துவிடுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது பூட்டை மாற்றுவது எல்லோருக்கும் பொதுவான வழக்கம் என்று ஆக்குங்கள். பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வரைந்து அதன்மேல் மாட்டினால், மாலையில் எது வரவில்லை என்று ஒரே பார்வையில் தெரியும். அந்தப் பலகை ஜன்னல் வழியாகத் தெரியாத சுவரில் இருக்கட்டும்.

கேமரா போதுமா என்று கேட்டீர்கள். போதாது. முகத்தை மறைத்து வந்தவரைக் கேமரா படம்தான் எடுக்கும். வைப்பதென்றால் ஒன்றைக் கதவுக்கு நேராக, முகம் தெரியும் கோணத்தில் வையுங்கள். உச்சியில் வைத்தால் தொப்பிதான் பதிவாகும். பதிவுப் பெட்டியைக் கொட்டகையில் வைக்காதீர்கள், மெஷினோடு அதுவும் போகும். கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் ராத்திரியில் அதன் சொந்த வெளிச்சமே திரும்பி அடித்து வெள்ளையாகத்தான் தெரியும். வாரம் ஒருமுறை முன்னால் உள்ள சிலந்தி வலையைத் துடையுங்கள்: ராத்திரியில் வலை இழை ஒன்று ஆடினாலும் யாரோ அசைந்ததாக எச்சரிக்கை வரும். பத்து முறை பொய்யாக அடித்தால் பதினோராவது முறை நீங்களே பார்க்க மாட்டீர்கள்.

கேமராவைவிட நான் முதலில் பரிந்துரைப்பது பேட்டரி உள்ள ஒரு சைரன். கதவு திறந்ததும் உணரும் காந்தத் தொடுமுனையைக் கதவில் வைத்து அதோடு சைரனை இணைத்து, மின்சாரத்தைத் துண்டித்தாலும் அடிக்கும்படி இருக்க வேண்டும். வீட்டுப் படுக்கையறையில் ஒன்று, கொட்டகைக்குள் ஒன்று. உள்ளே இருக்கும் சைரன் காதைப் பிளந்தால் அங்கே நின்று பெட்டியை உடைக்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஆனால் அது அடிக்கும்போது தனியாக இருட்டில் இறங்கிப் போகாதீர்கள். விளக்கைப் போட்டுச் சத்தம் கொடுங்கள், அக்கம்பக்கத்தை எழுப்புங்கள், போலீசுக்குப் பேசுங்கள். அசைவு உணரும் விளக்கு வைத்தால் ஆள் அதை நோக்கி நேராக நடந்து வரும் பக்கம் வைக்காதீர்கள். குறுக்கே கடக்கும் அசைவைத்தான் அது நன்றாக உணரும். காப்பீடு எடுப்பதானால், உடைத்து நுழைந்த தடயம் இல்லாத திருட்டுக்குப் பணம் கிடைக்குமா என்பதைக் கையெழுத்துப் போடுமுன் படித்துக் கேட்டுவிடுங்கள்.

கடன் வாங்கப் போவதாகச் சொன்னீர்கள். மெஷினைக் கடைசியில் வாங்குங்கள். ஒருமுறை திருடிய இடத்துக்கே மறுபடி வருவது இந்தத் தொழிலில் சாதாரணம். வழி தெரியும், போனதற்குப் பதில் புதிது வந்திருக்கும் என்றும் தெரியும். கடனில் முதல் பங்கு நாதாங்கிக்கும் தகட்டுக்கும் போகட்டும், அடுத்தது மெஷுக்கும் பெட்டிக்கும். அதுவரை உளியையும் இழைப்புளியையும்கூட வீட்டுக்குள் வையுங்கள். புது மெஷின் வந்ததும் அதன் வண்ண அட்டைப்பெட்டியை வாசலில் போடாதீர்கள். தொடர் எண் உள்ள ஓரத்தை வெட்டி ரசீதோடு வைத்துக்கொண்டு, மீதியைக் கிழித்து உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்துக் குப்பையில் சேருங்கள்.